பிடிகொடாத கற்கள்

விர்ஷிச் கணவாய்க்குப் போகிற சாலையில்
ஒவ்வொரு கொண்டை வளைவுக்கும் ஓர் எண்.
நேராக ஓடும்வரை தார்.
திரும்புகிற இடத்தில் மட்டும்
அந்தக் காலத்துப் பாவுகல்,
இரவு பெய்த மழையை இடுக்குகளில்
இன்னும் ஒளித்து வைத்தபடி.

அக்டோபர். கீழே கிராஞ்ஸ்கா கோராவில்
கதவு திறந்த வேனுக்குள்
முழங்காலில் கணினியோடு நான்.
மேலே யெரிட்சா.

அவள் வண்டியில் பதினேழு உணரிகள்.
ஒன்று சக்கரத்தின் சுற்றை எண்ணும்.
ஒன்று சாய்வை அளக்கும்.
ஒன்று டயரின் தோல் சூட்டைத்
தொடாமலே பார்க்கும்.
எல்லாம் கூடிப் பேசி
ஹேண்டில்பார் நடுவே
சட்டைப் பொத்தான் அளவு விளக்காக எரியும்.

பச்சை: பிடி இருக்கிறது.
மஞ்சள்: இருக்கலாம்.
சிவப்பு: இருந்தது.

அந்தக் கடைசிச் சொல்லில்தான்
இரண்டு வருடமாக என் தூக்கம் போகிறது.
கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால்
செலவுக் கணக்கை நீட்டுகிறது கருவி.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விட்டால்தான்
ஆழம் தெரியும் டயருக்கு.
ஒரு சோற்றைப் பதம் பார்க்கலாம் என்றால்
இந்தப் பானையில்
ஒவ்வொரு சோறும் ஒரு பதம்.

மூன்றாவது ஓட்டம் முடிந்து வந்தவள்
"நன்றாகச் சூடேறிவிட்டது டயர்" என்றாள்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்:
பின்சக்கரம் இருபத்தொன்பது பாகை,
முன்சக்கரம் பதினொன்று.
உட்கார்ந்த இடம் சொன்னதை நம்பியிருக்கிறாள்;
உட்கார்ந்த இடத்துக்குத் தெரிவது
பின்சக்கரம் மட்டும்தான்.
பதில் பேசவில்லை.
கையுறையைக் கழற்றி
முன்டயரில் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
பிறகு நம்பினாள்.

நான்காவது ஓட்டம்.
பதினான்காம் வளைவு.
விளக்கு பச்சை. வழுக்கல் பூஜ்யம்.
ஆனால் வளைவுக்கு ஒரு வினாடி முன்னே
வேகக்கோடு
பள்ளத்தில் இறங்கியிருந்தது.

"ஏன் ஆக்சிலரேட்டரை விட்டாய்?"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
"செம்மறி."

"ஆடு குறுக்கே வந்ததா?"

"இல்லை. வாசனை."

வித்தொமிரும் நானும் வண்டியேறிப் போய்ப் பார்த்தோம்.
குளிருக்குப் பயந்து இறங்கிய மந்தை
காலையில் அந்த வழி போயிருக்கிறது.
ஈரக் கல்லெல்லாம் புழுக்கை,
மிதிபட்டு, குழைந்து, மெல்லிய பச்சைப் படலம்.
"ஒன்றும் தெரியவில்லையே" என்று
ஓரடி வைத்த வித்தொமிர்
அடுத்த நொடி உட்கார்ந்திருந்தான்.
அன்றைய மிகத் துல்லியமான அளவீடு
அவன் கால்சட்டையில் பதிவானது.

மூக்கு வைக்கவில்லை நாங்கள் வண்டியில்.
வைத்திருந்தாலும்
எந்த வாசனைக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று
யார் அதற்குச் சொல்லித் தருவது?

இரவு விடுதியில் அறிக்கை எழுதினேன்.
வேகம் குறைந்த காரணம் என்ற கட்டத்தில்
"ஆட்டு வாசனை" என்று அடித்தேன்.
எண் மட்டும் இடவும் என்றது.
பூஜ்யம் இட்டேன். ஏற்றுக்கொண்டது.

மறுநாளைக்குள் மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது.
வெயில் வந்து காயவும் வைத்தது.
அதே வளைவு. விளக்கு பச்சை.
அதே பள்ளம் வேகக்கோட்டில்.

"இன்றைக்குமா வாசனை?"

"இல்லை. நேற்று இருந்ததே."

கணக்கிட்டுப் பார்த்தேன்.
கல் காய்ந்திருந்தது. டயர் சூடாயிருந்தது.
பிடி தாராளமாக இருந்தது.
இன்று விளக்கு சொன்னதுதான் சரி;
அவள் இழந்தது முக்கால் வினாடி.

சொல்ல வாயெடுத்தேன்.
ஐந்தாவது ஓட்டத்துக்கு
கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக
இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்சக்கரம் எவ்வளவு?" என்று கேட்டாள்.
"இருபத்திரண்டு" என்றேன்.
அதை மட்டும் சொன்னேன்.