மேல்வரிசை, இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமை மட்டும் அனுமதி.
போர்ட்டோ அருங்காட்சியகம், ஏழாம் அறை.
தரையில் தார்ப்பாய். டர்பன்டைன் கூடாது,
ஆளிவிதை எண்ணெய் போதும்.
நகல் மூலத்தைவிட நான்கு விரலாவது
சிறுத்திருக்க வேண்டும் என்பது விதி.
காவலர் எவரிஸ்தோ நாடாவோடு வந்து
அளந்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்.

சுவரில் இருப்பவள் ஓர் உப்பு வணிகரின் மனைவி.
பெயர் இல்லை. வரைந்தவனுக்கும் இல்லை.
முந்நூற்றைம்பது ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டு
என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறாள்.

நான் பல் செய்கிறவள்.
மற்ற நாள்களில் பீங்கான் தூளைக் குழைத்து
முகம் தெரியாத வாய்களுக்குக் கடைவாய்ப்பல் சுடுகிறேன்.
வெள்ளையில் பதினாறு வெள்ளை தெரியும் எனக்கு.
அந்தத் திமிரில்தான் வந்தேன்.

முதல் மாதம் முழுக்கப் பச்சை மண்.
பிணம்போல ஒரு முகம்.
அதன்மேல்தான் தோலின் சிவப்பு உயிர்க்குமாம்.
மெலிந்ததன் மேல் கொழுத்தது என்று
சட்டத்தில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.
நெற்றி வந்தது.
மூக்கு, இரண்டு தடவை சுரண்டியபின், வந்தது.
காதுமடலில் வெளிச்சம் ஊடுருவும்
அந்த ஆரஞ்சுத் துளிகூட வந்தது.
இடது கன்னம் மட்டும் வரவில்லை.

நிழல் வைத்தால் அழுக்கு.
துடைத்தால் பொம்மை.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையாய் வந்து
அவளையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.
"இவங்களுக்குக் காய்ச்சல்" என்றது ஒன்று,
என்னுடையவளைக் காட்டி.

ஒன்பதாவது செவ்வாய். மழை.
கூரைக் கண்ணாடியில் ஈயநிற ஒளி.
தூரிகைக் காம்பைக் கடைவாயில் கடித்தபடி நின்றேன்.
பல் இல்லை அங்கே.
அவளுக்கு இடம், எனக்கு வலம்; என் தொழிலில் இது பழக்கம்.
முதல் கடைவாய், அதற்கடுத்தது,
ஒருவேளை அதற்கும் அடுத்தது.
எலும்பு கரைந்து, கன்னம் அமுங்கி,
உதட்டோரம் ஒரு நூலிழை இறங்கி.
பிளாஸ்டர் வார்ப்புகளில்
தினமும் நான் விரலால் தடவுகிற பள்ளம்.
நிழலென்று நான் நினைத்தது
அவள் வலப்பக்கமே மென்ற
பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்;
கணவன் முகம் சுளிக்காமல்
காசு கொடுக்கும் அளவுக்கு மெதுவாக.

சுரண்டினேன்.
சாம்பலில் கொஞ்சம் பச்சை, கடுகளவு செந்தூரம்.
எவரிஸ்தோ நெருங்கி வந்து நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாக்கால் தன் கன்னத்தை
உள்ளிருந்து துழாவிக்கொண்டிருந்தார்.

புதன் காலை ஒரு சீட்டு வந்திருந்தது:
பெண், ஐம்பத்திரண்டு வயது,
மேல்வரிசை இடப்பக்கம், இரண்டு பற்கள்.
சூளை சூடேறும்வரை
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
யாரோ ஒருத்தியின் கன்னம்
வெள்ளிக்கிழமைக்குள் நிறைந்துவிடும்.