ஐந்தில் மூன்று

கணக்கு இப்படி:
எழுநூற்று ஐந்து வெள்ளியை ஐந்தாய்ப் பிரித்து
மூன்று பங்கு எனக்கு,
இரண்டு பங்கு லோஷினிக்கு.
நானூற்று இருபத்து மூன்று. இருநூற்று எண்பத்திரண்டு.
உயிரோடு இருந்தபோது சன்னாசி
ஒரு மாதமும் சம்பளத்தை
இவ்வளவு ஒழுங்காய்ப் பிரித்துத் தந்ததில்லை.

அவர் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்
சந்தா பதிந்த ஆலைக் கிராணி.
அந்த ஒற்றை எழுத்தைத் தேடி
பகாவிலிருந்து சிரம்பானுக்கு
நான்கு தடவை பஸ் ஏறினேன்.
சந்தா கட்டியவரும் செத்தவரும்
ஒரே ஆள்தான் என்று
சத்தியம் செய்து, முத்திரை குத்தி,
பத்து வெள்ளி கொடுத்து வந்தேன்.

ஐந்தாவது தடவை
சொக்சோ மேசையில் புவான் நோராய்னி
ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.
வீடு எது, வேலையிடம் எது,
விழுந்தது எங்கே, வரைந்து காட்டுங்கள்.
வேலைக்குப் போகும் வழி என்றால் பணம் உண்டு.
வழி விலகியிருந்தால்
மேலே கேட்க வேண்டும்.
கெட்டவர் இல்லை அவர்.
எனக்குத் தேநீர் வரவழைத்தார், சர்க்கரை தூக்கலாக.

வீட்டுக்கு ஒரு சின்னச் சதுரம்.
செம்பனை ஆலைக்குப் பெரிய சதுரம், புகைபோக்கியோடு.
நடுவில் தார்ச்சாலை.
அவர் கிடந்ததோ
தார்ச்சாலையில் இல்லை,
செம்மண் பாதை திரும்பும் இடத்தில்.
ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு
அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது.
போலீஸ் திருப்பித் தந்தவை:
ஹெல்மெட், ஒரு கால் செருப்பு,
பொட்டலத்தில் நான்கு அப்பம்.
அவர் இரண்டுதான் தின்பார்.

பென்சிலைக் கூராக்கித் தரச் சொன்னேன்.
கோட்டை நேராகப் போட்டேன்.
ரிப்போர்ட்டில் 'சந்திப்புக்கு அருகில்' என்றிருந்தது.
அருகில் என்றால் எத்தனை அடி என்று
அன்றும் யாரும் கேட்கவில்லை,
இந்தப் பதின்மூன்று வருஷத்திலும் கேட்கவில்லை.

அந்தக் கோட்டின் மேலேறித்தான்
மாதாமாதம் பணம் வந்தது.
பள்ளிச் சீருடை வந்தது, டியூஷன் வந்தது,
அவளுக்குப் பல்லில் கம்பி வந்தது.
ஆண்டுக்கொரு முறை
நான் இன்னும் சாகவில்லை என்று
கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.
மற்ற நாள்களில் அதை யாரும் விசாரிப்பதில்லை.

போன வியாழன் லோஷினிக்கு இருபத்தொன்று.
இரண்டு பங்கு அதோடு நின்றது.
கேக்குக்கு முன்னால் கடிதம் வந்துவிட்டது.
டிகிரி படித்துக்கொண்டிருந்தால்
படிப்பு முடியும்வரை நீண்டிருக்கும்.
ஆறாம் படிவத்தைப் பாதியில் விட்டு
கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள் அவள்.
அதில் எனக்கு இன்னும் கோபம்.

சம்பளச் சீட்டைக் காட்டினாள்.
"பாரும்மா, சொக்சோ வெட்டியிருக்கான்,
எட்டு வெள்ளிச் சொச்சம்.
அப்பா மாதிரி நானும் கட்டுறேன்."
சிரிக்க வேறு செய்தாள்.
கைத்தொலைபேசியைத் திருப்பிப் பிடித்தாள்:
சேமநிதி, வாரிசின் பெயர்.
என் பெயர்.
ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.
எதிரே நூறு விழுக்காடு.

அழி, என்றேன்.
"சும்மா ஒரு பேருதாம்மா."
அழிடி.
"வேற யாரைப் போடுறது? சொல்லு."

மூன்று பங்குக்கே நான் போட்ட கோடு எனக்குத் தெரியும்.
ஐந்துக்கு ஐந்தும் என்னிடம் நீட்டுகிறாள்.
அடுப்பில் பால் பொங்கியது.
நல்லவேளை, எழுந்து போக ஒரு காரணம்.

இன்று விடியலில் மோட்டாரைக் கிளப்பும்போது கேட்டேன்,
எந்த வழியாகப் போகிறாய்?
"ஏன்?"
சும்மாதான்.
மின்கட்டணச் சீட்டின் பின்னால்
நின்றபடியே கிறுக்கிக் காட்டினாள்.
மூன்று இடத்தில் வளைந்தது கோடு.
இங்கே பெட்ரோல், இங்கே நாசி லெமாக்,
இங்கே, செம்மண் பாதைப் பக்கம்,
கூட வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணை
ஏற்றிக்கொள்வாளாம்.
"பாவம்மா, அவளுக்கு பஸ் கிடையாது."

ஹெல்மெட் வாரை இழுத்துப் பூட்டிவிட்டேன்.
சீட்டை மடித்து
அப்பம் சுடும் சட்டிக்கு அடியில் வைத்தேன்.
கட்டணம் கட்டக் கடைசி நாள் நாளை.