மோதல் காட்சி

பள்ளத்தூர் ஊருணிக் கரை. இரவு பதினொன்று.
இடப்பக்கமிருந்து நான் ஆடி வருவேன்,
வலப்பக்கமிருந்து தேவகோட்டை சவரிமுத்து.
நடுமேடையில் மோத வேண்டும்.
அவர் விழ வேண்டும். சனம் சிரிக்க வேண்டும்.
பபூனுக்கு ராத்திரிக்கு நாலாயிரம்
இதற்குத்தான்.

காரைக்குடி வட்டாரத்தில்
இப்படி விழ வேறு ஆளில்லை.
முதலில் தோள், பிறகு இடுப்பு, கடைசியாக
மிருதங்கத் தட்டுக்குக் காத்திருந்து
ஒரே ஒரு கால்.
எங்கே படிச்சீங்க என்றேன்.
கல்கத்தாவில், புல்லில்.

பதினோரு வருஷம் கிளப் ஆட்டக்காரர்.
கடைசி மேட்சில், பெனால்டி பாக்ஸுக்குள்,
எவனோ முட்டியில் உதைத்தான்.
நடிக்கிறான் என்று ரெஃபரி
மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.
ஸ்ட்ரெச்சர் வரும்வரை
எழுபதாயிரம் பேர் ஊளையிட்டார்களாம்.
எழுபதா என்றால்,
சரி, முப்பது என்பார்.

நேற்று மோதினோம்.
விழுந்தவர் எழவில்லை.
கால் வேறொருவருடையதுபோல் திரும்பிக் கிடந்தது.
பந்தலெல்லாம் விசில்.
மைனர் செயின் போட்ட ஒருவர் மேடையேறி
கிடந்தவர் சட்டையில்
நூறு ரூபாயை ஊக்கால் குத்திவிட்டு இறங்கினார்.

குனிந்தேன். பவுடர் கரைந்து
காதுப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.
நெசமாவா?
பல்லைக் கடித்தபடி,
"வசனத்தப் பேசு புள்ள. நல்லா சிரிக்கிறாக."

அடுத்த வசனம் என்னுடையது:
எந்திரிய்யா, நடிக்காதே.

வேறு ஏதாவது சொல்லத் தேடினேன்.
ஆர்மோனியம் இரண்டாம் தடவையும்
எடுத்துக் கொடுத்தது.