இதுவல்ல

குதிகாலில் குத்தியது நான்தான்.
பிறந்த மூன்றாம் நாள்,
வெந்நீர்த் துணியால் சூடேற்றி, ஒரே குத்து.
அட்டையில் நாலு வட்டம்.
மூன்று நிறைந்தன. நாலாவது பிறையோடு நின்றது.
அதற்கும் அவன் அழவில்லை.
"நல்ல பிள்ளை" என்றாள் செர்மா.
"இவன் அக்காவும் இப்படித்தான், சத்தமே இருக்காது."
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெயர்க் கட்டத்தில் அவள் சொன்னதை எழுதினேன்:
எனெபிஷ்.
எங்கள் மொங்கோலிய மொழியில் 'இதுவல்ல'.
பிள்ளை தேடி வரும் கெட்டது
வாசலில் நின்று கேட்குமாம், இதுவா என்று.
பதிலைக் கேட்டுத் திரும்பிப் போய்விடுமாம்.

அட்டை ஜன்னலோரம் நாலு மணிநேரம் காய்ந்தது.
பிறகு வேன்காரர் படார்ச்சின் இருக்கைக்குப் பின்னே,
உரித்த ஆட்டுக்கும் பழைய பேட்டரிக்கும் நடுவே
உலான்பாத்தர் போனது.

இருபத்திரண்டாம் நாள் தொலைபேசி.
"தைராய்டு வேலை செய்யவில்லை. பெயர்... இதுவல்ல."
"எது அல்ல?"
"பெயரே அதுதான், அக்கா."
சிரித்துவிட்டோம், இரண்டு பேரும்.
உடனே நிறுத்தினோம்.

பெயர் கையில் இருந்தது. வீடு பெயர்ந்துவிட்டது.
கூடாரம் நின்ற இடத்தில்
வெளிறிய புல், ஒரு வட்டம்.
நிரம்பாத அந்த நாலாவது.

மோட்டார் சைக்கிளில் மூன்று பள்ளத்தாக்கு.
ஒட்டகம் தேடி வந்தவன் வடக்கே என்றான்.
கிணற்றடியில் ஒருத்தி தெற்கே என்றாள்.
இரண்டும் சரிதான்: இருமுறை பெயர்ந்திருந்தார்கள்.

இருட்டிய பின் நாய் குரைத்தது.
"தூங்குகிறான்" என்றாள் செர்மா,
"பால் குடிக்கவே எழுப்ப வேண்டியிருக்கிறது."
கண்ணில் மஞ்சள் போகவில்லை.
நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை.

மாத்திரையில் பாதி. கரண்டியில் நசுக்கி,
தாய்ப்பாலில் குழைத்து, மெல்ல.
"தினமுமா?"
"தினமும்."
"எதுவரை?"
"கிழவனாகி, இவனே மறந்துபோகும் வரை."

அடுப்புக்கு அந்தப் பக்கம் நொமூன்.
சாந்தம் என்று பொருள்.
ஆறு வயது. மூன்று வயது உயரம்.
கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் பிறந்தபோது இந்த அட்டை
எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை.

மீதிப் பாதியைச் செர்மா விரலால் தொட்டாள்.
"இவளுக்கும்?"
"கொடுக்கலாம்" என்றேன். "ரத்தம் பார்த்துவிட்டு."
'கொடுக்கலாம்' என்பதை அவள்
தராசில் வைத்ததுபோல் நிறுத்துப் பார்த்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

பையில் இன்னொரு அட்டை இருந்தது.
நொமூன் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: வயது, நாட்களில்.
விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி
ஆறை முந்நூற்று அறுபத்தைந்தால்
பெருக்கத் தொடங்கினேன்.