சேறு பூசியவன் கணக்கு

நூற்றிருபது பந்துகள்.
பிற்பகல் மூன்று மணிக்கு அம்பயர்கள் அறையின் பின்னால்
ஒரு காப்பி டப்பாச் சேற்றோடு உட்கார்ந்தேன்.
புதுப் பந்து வழுக்கும். அதன் மினுக்கைக்
கொஞ்சம் கொல்ல வேண்டும்.
எச்சில், ஆற்றுச் சேறு, உள்ளங்கை,
பந்துக்கு அரை நிமிடம்.
கூடுதலாகத் தேய்த்தால் கறுத்துவிடும்;
அப்போதுதான் எவருக்கும் ஞாபகம் வரும்
ப்ருசாக் என்று ஒருவன் இங்கே இருப்பது.

கிளீவ்லாண்டில் அன்று ஏரிக்காற்று திசை மாறியிருந்தது.
கம்பத்துக் கொடிகளெல்லாம்
வெளியே, வெளியே என்று கை காட்டின.

நட்சத்திர ஆட்டம். எலாடியோ ஃபெரேராஸ் எறிந்த இரண்டாம் பந்து
இடது மாடத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்
மடியில் விழுந்தது.
சரி, ஒன்று போயிற்று.
மூன்றாம் இன்னிங்ஸில் இரண்டு.
நான்காவதில் அடுத்தடுத்து மூன்று:
ஒன்று பேருந்து நிறுத்தத்தில்,
ஒன்று யாரோ ஒரு பெண்ணின் பியர் கோப்பையில்,
மற்றொன்று ஸ்கோர் பலகையில் பட்டு பல்புகள் சிதற
எட்டு மூன்றாக எரிந்தது.
அதன்பின் யாரும் அந்தப் பலகையை நம்பவில்லை.
விரல் விட்டு எண்ணினார்கள்.

ஃபெரேராஸ் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு
என் வாளியருகே வந்து குந்தினார்.
"சேற்றில் எண்ணெய் கலந்தாயா?"
இல்லை என்றேன்.
"கலந்தேன் என்று சொல்லேன்,
ஊருக்கு போன் பேச வேண்டும்."

ஏழு. எட்டு. ஒன்பது.
பத்தாவதை நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன்:
முதலில் மரத்தின் ஒலி,
பிறகு ஐம்பதாயிரம் பேர் மூச்சை இழுத்துப் பிடிக்கும்
அந்தச் சின்னப் பள்ளம்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பத்தாம் இன்னிங்ஸ்.
மூன்றாம் தளத்தில் ஒருவன் காத்திருக்க
டார்னெல் விக்ஸ் வந்தான்.
காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக,
மீன்பிடிக்கப் போயிருந்தவனைத்
திங்கட்கிழமை கூப்பிட்டு அழைத்திருந்தார்கள்.
சீசன் முழுக்க இரண்டே ஹோம் ரன்.

மட்டையைச் சுழற்றவில்லை.
குறுக்கே நீட்டி, பந்தைச் சும்மா தொட்டான்,
தூங்கும் பிள்ளையின் நெற்றியில்
காய்ச்சல் பார்ப்பதுபோல.

அது புல்லில் உருண்டது.
கோட்டுக்கு வெளியே போகும் என்று
மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.
போகவில்லை. சுண்ணாம்பின் மேல் உட்கார்ந்துவிட்டது.
ஓடி வந்தவன் தட்டைத் தொட்டு, புழுதி அடங்கி,
ஆட்டமே முடிந்துவிட்டது;
மேல் அடுக்கில் சிலர் இன்னும்
வானத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சிரிப்பு. கொஞ்சம் ஊளை.
பத்திரிகைக்காரர்கள் பத்துப் பந்துகளுக்காக
மாடங்களுக்கு ஓடினார்கள்.
நான் போய்ப் பதினோராவதை எடுத்தேன்.
ஒரு பக்கம் சுண்ணாம்பு,
மறுபக்கம் என் கட்டைவிரல் ரேகை, சேற்றில், அப்படியே.

அடிபட்ட பந்து பயிற்சிக் கூடைக்குப் போக வேண்டும்.
விதி அதுதான்.
இரவு பதினொன்றரைக்குப் பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
வேலி தாண்டியவை, பதினொன்று.