இருநூறு சொற்களுக்குள்

நிகழ்ச்சிக் கையேட்டுக்கு
இசையமைப்பாளரின் வாழ்க்கைக் குறிப்பு கேட்கிறார்கள்.
வெள்ளிக்குள் வேண்டுமாம், இருநூறு சொற்களுக்குள்.
'ஆசிய மரபுகளின் தாக்கம்' என்ற தொடர்
கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

தாக்கம்.
லாரி மோதியதுபோல.

ஓடில் சுரெட்,
நோவா ஸ்கோஷியாவின் தென்முனையில்
சிங்கி இறால் கூண்டுகள் அடுக்கிய வீடொன்றில் பிறந்தவள்.
(இதற்கே எட்டுச் சொல் போய்விட்டது.)

ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பியானோக்களுக்குச்
சுருதி சேர்த்துத்தான் இருபத்தாறு ஆண்டுகள்
வாடகை கட்டினாள்.
ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள்.
இரண்டின் வாயை அடைத்து
ஒன்றை முறுக்குவாள், பிறகு அடுத்ததை,
மூன்றும் ஒரே குரலாகும் வரை.
மயிரிழை விலகினாலும்
ஒலி எழுந்து விழும், எழுந்து விழும்.
இயற்பியலில் அதற்கு விம்மல் என்று பெயர்.
வீட்டுக்கு வீடு போய்
விம்மலை நிறுத்திக்கொண்டிருந்தாள்
நாற்பது டாலருக்கு.

கணவர் பவளப்பாறைகளை எண்ணப் பாலித் தீவுக்குப் போனார்.
கூடப் போனவள், மழைக்கு ஒதுங்கினாள்
பாண்டே சுதியார்சாவின் பட்டறையில்.
அவர் இரண்டு வெண்கலத் தகடுகளைத் தட்டிப் பார்த்தார்.
நடுவே அதே விம்மல்.
பழக்க தோஷத்தில் அரத்துக்குக் கை நீட்டினாள்.
அவர் அரத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.
வேலை முடிந்துவிட்டது என்பது
அவளுக்குப் புரிய அரைமணி நேரமாயிற்று.

தாழ்ந்த தகட்டுக்கு அங்கே 'ரீங்கரிப்பது' என்று பேர்,
உயர்ந்ததற்கு 'உறிஞ்சுவது'.
இரண்டுக்கும் இடையில் எழுவது அலை.
ஒத்துப்போனால் வெறும் உலோகம்.

கணவர் மார்ச்சில் திரும்பினார்.
அவள் ஜூலையில், பத்து மரப்பெட்டிகளோடு.
சுங்கத் தாளில்: 'சமையற்கூடப் பாத்திரங்கள்'.
அதைத் திருத்தச் சொல்லி அவள் சண்டை போட்டதில்
பெட்டிகள் கிடங்கிலேயே குளிர்காலத்தைக் கழித்தன.

இதற்கெல்லாம் சொற்கள் இல்லை என்னிடம்.

முதல் ஒத்திகை எனக்கு நினைவிருக்கிறது.
ஓபோ சுருதி கொடுத்தது.
வெண்கலம் அதைச் சட்டை செய்யவே இல்லை.
நடத்துநர் (பெயர் வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறார்)
தகடுகளை அராவிவிடலாமே என்றார்.
நீங்கள் தொண்ணூறு பேர் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்றாள்.
அந்த வாரம் ஒரு பழைய சிம்பொனி வாசித்தார்கள்.

அவளுடைய தாள்கள் பதினோரு வருடம்
என் நூலகத்தில், மூன்றாம் அலமாரியில்.
தூசு தட்டும்போது படிப்பேன்.
வயோலா தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
'பக்கத்து இருக்கைக்காரரோடு ஒத்துப்போகாதீர்கள்.
அவரை விட்டுப் போய்விடவும் வேண்டாம்.'

ஒரு விமர்சகர் 'கீழை நாட்டுச் சாம்பிராணி வாசம்' என்று எழுதினார்.
அவருக்குத் தபாலில் ஒரு ரசீது போயிற்று:
காது சரிபார்ப்பு, நாற்பது டாலர், வரி தனி.

தாக்கத்தைப் பற்றி நேற்று அவளிடமே கேட்டேன்.
"ஆசியாவுக்கு நான் போனதே இல்லை.
ஒரு பட்டறைக்குப் போனேன், மழை பெய்தது."
கையேட்டில் இதைப் போட முடியாது.

அக்டோபரில் எங்கள் வீட்டுப் பியானோவைப் பார்க்க வந்தாள்.
கருவிகளை மடித்துக் கட்டினாள். காசு வேண்டாம் என்றாள்.
வயதாகிறது, மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.
இரவு வாசித்தபோது
நடுவில் ஒரு கட்டை மட்டும் விம்மியது.
தவறிவிட்டாள் போல.
தயங்கித் தயங்கித் தொலைபேசினேன்.
"எந்தக் கட்டை?"
சொன்னேன்.
"அதற்குத்தான் காசு வாங்கவில்லை" என்று வைத்துவிட்டாள்.

வேறு ஆளைக் கூப்பிட எண்ணைத் தேடி வைத்திருக்கிறேன்,
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில்.
என் மகளோ எந்தப் பாட்டை எடுத்தாலும்
சுற்றிச் சுற்றி
அந்தக் கட்டைக்கே வருகிறாள்.

வெள்ளி வந்துவிட்டது.
'ஓடில் சுரெட் ஹாலிஃபாக்ஸில் வசிக்கிறார்.'
நான்கு சொற்கள்.