பத்துக்கு எத்தனை

படம் சுத்தமாக இருக்கிறதாம்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்:
என் கழுத்து, என் தோள்,
ஒரு குறையும் சொல்ல முடியாத எலும்புகள்.
பத்துக்கு எத்தனை வலி என்றார்.
சூப்பர்வைசர் அக்கா பக்கத்திலேயே நின்றாள்.
நாலு என்றேன்.

மண்டபத்தில் நண்டுக் கம்பெனி.
ஆறு மணிக்கே ஐஸ் உருகும் மேசை.
ஓடு பிளந்து, கால் ஒடித்து,
சதையை நார் நாராக எடுத்து வைக்கிறேன்.
ஒடிந்த காலை நண்டு மறுபடி வளர்த்துக்கொள்ளும்,
கடலில் இருந்தால்.

தோளில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.
பிறகு அது
அடுப்பில் வைத்த பாலை மறக்கடித்தது,
நாத்தனார் மகளின் பெயரை,
பூசையில் பாதி மந்திரத்தை.
தம்ளரைத் தவறவிட்ட ஷெர்லியை
அறைந்தது வலிக்காத கை.

நேற்று ராத்திரி கச்சான் காற்று நின்றபோது
அதுவும் நின்றது.
நான் அசையவில்லை.
இன்னாசி புரண்டு படுத்துவிடக் கூடாதே என்று
மூச்சைப் பிடித்துக் கிடந்தேன்,
ஆறு வருஷம் கழித்து வீடு திரும்பிய யாரையோ
எழுப்பிவிடப் பயந்தவள்போல.
தூங்கவும் இல்லை.

விடிவதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்தான்.
கையை ஊன்றினேன்.
எனக்கு முன்பே அது விழித்திருந்தது.